மைனர் கார்டும் முந்நூறு வருடக் குழப்பமும்

பியானோவிலோ கீபோர்டிலோ வலது கையின் கட்டை விரலை ஏ மீதும், நடுவிரலை சி மீதும், சுண்டு விரலை ஈ மீதும் வையுங்கள். மூன்றும் வெள்ளைக் கட்டைகள். சேர்த்து அழுத்தினால் ஏ மைனர். இப்போது நடுவிரலை மட்டும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு, அதாவது சி ஷார்ப்புக்கு நகர்த்துங்கள். ஏ மேஜர் வந்துவிடும். அவ்வளவுதான் வித்தியாசம். நம் கணக்கில் சொன்னால், ச-வும் ப-வும் அப்படியே இருக்க, சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகிறது.

விதியும் எளிது. எந்தக் கட்டையிலிருந்தும் மேலே 3 அரைச்சுரம், பிறகு 4 அரைச்சுரம் எண்ணினால் மைனர். 4, பிறகு 3 என்றால் மேஜர்.

வாசிக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் இந்தக் கார்டு ஏன் இனிமையாக இருக்கிறது என்று விளக்கத்தான் ஐரோப்பிய அறிஞர்கள் முந்நூறு வருடம் திண்டாடினார்கள்.

சிக்கல் எங்கே? எண்களில்தான். சுத்தமான சுருதியில் ஏ 220 என்றால், ஏ மேஜரின் அதிர்வெண்கள் 220, 275, 330. சுருக்கினால் 4:5:6. எவ்வளவு அழகு! மைனரில் 220, 264, 330. சுருக்கினால் 10:12:15. (இன்றைய பியானோவில் இவை கொஞ்சம் விலகும், சி அங்கே சுமார் 261.6.) சின்ன எண்கள் இனிமை தரும் என்று நம்பியவர்களுக்கு 10:12:15 தொண்டையில் சிக்கிய முள்.

1558-இல் வெனிஸில் வெளியான தன் நூலில் ஸார்லினோ 1 முதல் 6 வரையான எண்களை வைத்தே இசையை விளக்கப் பார்த்தார். பெரிய மூன்றாம் சுரம் கீழே வந்தால் மகிழ்ச்சி, சிறியது கீழே வந்தால் சோகம் என்று அப்போதே எழுதிவிட்டார். நாம் இன்றும் சொல்லும் 'மைனர் என்றால் சோகம்' அவ்வளவு பழசு.

அடுத்து 1722. பாரிஸில் ராமோவின் இசைக்கோட்பாட்டு நூல் வருகிறது. அதே வருடத் தேதியோடு ஜெர்மனியில் பாக், 12 மேஜர், 12 மைனர் என எல்லாச் சுருதியிலும் எழுதிய கீபோர்டு தொகுப்பின் முதல் பாகத்தை முடிக்கிறார். கோட்பாட்டுக்காக வாசிப்பவர்கள் காத்திருக்கவில்லை, பாருங்கள். ஆனாலும் அந்தத் தொகுப்பில் மைனரில் தொடங்கும் பல துண்டுகள் கடைசிக் கார்டில் மேஜருக்குத் தாவிவிடும். சி மைனர் பிரிலூடு நல்ல உதாரணம். மைனரில் முடித்தால் முழுசாக முடிந்த மாதிரி இல்லை என்ற பழைய எண்ணம் அது.

ஒரு தந்தியை மீட்டினால் அதன் மேல்சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். அவற்றிலிருந்து மேஜர் கார்டு இயல்பாகக் கிடைக்கிறது. மைனர் அப்படி நேராகக் கிடைப்பதில்லை. எனவே 1737-இல் ராமோ திசையைத் திருப்பினார்: ஒரு சுரம் ஒலித்தால் அதற்குக் கீழே உள்ள சில தந்திகளும் முழுசாக அதிர்கின்றன, மைனர் அங்கிருந்து பிறக்கிறது என்றார்.

இதை நீங்களே சோதிக்கலாம், ஆனால் தந்தி உள்ள பியானோ வேண்டும். கீழே ஒரு சி கட்டையைச் சத்தம் வராமல் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். அடுத்த சி-யையும் தாண்டி வரும் ஜி-யைப் படாரென்று அடித்து விடுங்கள். கீழ்த்தந்தி ஒலிக்கும். ஆனால் கேட்பது சி அல்ல, ஜி! தந்தி மூன்று பாகமாகப் பிரிந்து அதிர்கிறது. ராமோவே பிறகு அந்த வாதத்தைக் கைவிட்டார். ஆனாலும் 1870-களில் ரீமான் கீழ்ச்சுரங்கள் உண்மையிலேயே உண்டு என்று மறுபடி கிளம்பினார். அதுவும் நிற்கவில்லை.

இதற்கிடையில் 1863-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விஷயத்தைக் காதுக்குக் கொண்டுவந்தார். இரண்டு சுரம் பலமாக ஒலித்தால் அவற்றின் வித்தியாச அதிர்வெண்ணும் மெலிதாகக் கேட்கும். கழித்துப் பாருங்கள். மேஜரில் 55, 55, 110; மூன்றுமே ஏ. மைனரில் 44, 66, 110. இதில் 66 சி, 110 ஏ. 44 மட்டும் எஃப். கார்டிலேயே இல்லாத சுரம். மைனர் கொஞ்சம் மங்கலாகக் கேட்பதற்கு இது ஒரு காரணம் என்றார் அவர்.

கவனியுங்கள், அவர் விளக்கியது மங்கலை, சோகத்தை அல்ல. ஹாண்டலின் 'சால்' இசைநாடகத்தில் வரும் புகழ்பெற்ற சவ ஊர்வல இசை சி மேஜரில் இருக்கிறது. பாக்கின் துள்ளலான 'பாடினெரி' பி மைனரில். வேகம், தாளம், சத்தம், கேட்டுப் பழகிய காது எல்லாம் சேர்ந்துதான் உணர்ச்சி வருகிறது என்று நினைக்கிறேன்.

சந்தேகம் இருந்தால் ஏ மைனரை மெதுவாக ஒரு தடவை, டப்பாங்குத்துத் தாளத்தில் வேகமாக ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். விரல்கள் அதே இடத்தில்தான் இருக்கும். சோகம் இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.