மக்காச்சோளம் காயவைக்க டிரையர் வாங்கப் போறீங்களா? 'எத்தனை டன்' என்று கேட்பதற்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க!

திருப்பூர் - பல்லடம் சாலையில் இருக்கும் அருள்புரத்தில் 'டிரையர்' என்றால் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது துணி காயவைக்கும் மெஷின்தான். சாய ஆலை, ஸ்டென்டர், காம்பாக்டிங் என்று அந்த ஊரின் பேச்சே அப்படித்தான். ஆனால் பல்லடம் தாண்டி பொங்கலூர், குடிமங்கலம், உடுமலை பக்கம் போனால் டிரையருக்கு வேறொரு தேவை இருக்கு. அங்கே காயவைக்க வேண்டியது மக்காச்சோளம்.

பல்லடம் வட்டாரம் கறிக்கோழி வளர்ப்புக்குப் பேர் போனது. கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். அதனால் விற்க இடம் இருக்கு. பிரச்சனை ஈரப்பதம். சோளம் ஈரமாக இருந்தால் விலை குறையும், அல்லது வண்டி திரும்பி வரும். களம் கிடைக்காமல் ரோட்டிலேயே சோளத்தைக் கொட்டிக் காயவைப்பதையும் பார்க்கிறோம்.

இதற்குத் தீர்வாக 5 ஏக்கர், 10 ஏக்கர் விவசாயிகளும் இப்போது விசாரிப்பது 'பேட்ச் டிரையர்'. இதை வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்கணும்? முழு விவரம் இதோ.

பேட்ச் டிரையர் என்றால் என்ன?

ஒரு தடவைக்கு ஒரு குறிப்பிட்ட அளவு தானியத்தைக் கொட்டி, சூடான காற்றை உள்ளே செலுத்தி, காய்ந்ததும் மொத்தமாக வெளியே எடுக்கும் மெஷின்தான் பேட்ச் டிரையர். பெரிய ஆலைகளில் ஒரு பக்கம் தானியம் போய்க்கொண்டே இருக்க, மறுபக்கம் காய்ந்து வந்துகொண்டே இருக்கும். அது சின்னப் பண்ணைக்குத் தேவைப்படாது.

எந்த பேட்ச் டிரையராக இருந்தாலும் முக்கியமான பாகங்கள் மூன்று: காற்றைத் தள்ளும் ப்ளோயர், அந்தக் காற்றைச் சூடாக்கும் அடுப்பு அல்லது பர்னர், தானியம் இருக்கும் தொட்டி.

எவ்வளவு காய்ந்தால் போதும்?

மக்காச்சோளத்துக்கு சந்தையில் கேட்கும் அளவு பொதுவாக 14 சதவீத ஈரப்பதம். பல மாதம் சேமித்து வைக்கணும் என்றால் 12 சதவீதத்துக்குக் கொண்டுவருவது நல்லது. நெல்லுக்கு அரசு கொள்முதல் நிலையங்களில் உச்சவரம்பு 17 சதவீதம். மழைக்காலத்தில் இதை 22 சதவீதமாக உயர்த்தச் சொல்லி தமிழ்நாடு அரசு மத்திய அரசிடம் கேட்பது அடிக்கடி வரும் செய்தி.

ஈரமாக மூட்டை போட்டால் எடைதானே கூடும், என்ன நஷ்டம் என்று சிலர் நினைக்கலாம். ஈரமான மக்காச்சோளத்தில் பூஞ்சை வளர்ந்து 'அஃப்ளாடாக்சின்' என்ற நச்சு உருவாகும். உணவு தானியத்தில் இதற்கு இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் மட்டுமே. கோழிக்கும் இது ஆகாது, கல்லீரலைப் பாதிக்கும். ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம்: ஏற்கனவே உருவான நச்சை டிரையர் அழிக்காது. பூஞ்சை வருவதற்கு முன்னாடி காயவைப்பதற்குத்தான் டிரையர்.

இது புதுப் பிரச்சனையா?

இல்லை. 1960களில் தஞ்சாவூர் பகுதியில் ஏடிடி 27 என்ற குறுகிய கால நெல் ரகம் பரவியபோது, அறுவடை மழைக்காலத்தில் வந்து மாட்டியது. ஈர நெல்லை என்ன செய்வது என்ற கேள்வியில் இருந்துதான் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் உருவானது. அந்த மையம் வளர்ந்துதான் இன்றைக்கு நிஃப்டெம் - தஞ்சாவூர் என்ற தேசிய நிறுவனமாக நிற்கிறது.

தை மாசம் வெயில் அடிக்கும், டிரையர் எதுக்கு என்றும் இனி இருக்க முடியாது. 2021 ஜனவரியில் தமிழ்நாட்டில் பருவம் தப்பிப் பெய்த கனமழை, அறுவடைக்குக் காத்திருந்த பயிர்களை நாசமாக்கியது நினைவிருக்கலாம்.

என்னென்ன வகை இருக்கு?

தட்டு வகை: செங்கல் அல்லது இரும்புத் தொட்டியில் துளையிட்ட தகடு போட்டு, அதன் மேல் ஒன்றிலிருந்து இரண்டு அடி உயரத்துக்குத் தானியத்தைப் பரப்பி, கீழிருந்து சூடான காற்று அடிப்பது. உள்ளூர் பட்டறையிலேயே செய்யலாம், செலவு குறைவு. வியட்நாமின் மெகாங் டெல்டாவில் சிறு விவசாயிகளிடம் பெரிதாகப் பரவியது இந்த வகைதான். குறை என்னவென்றால், அடியில் இருப்பது அதிகமாகக் காயும், மேலே இருப்பது ஈரமாகவே நிற்கும். பாதியில் ஒரு தடவை ஆள் வைத்துக் கிளறிவிடணும்.

சுழற்சி வகை: உயரமான கோபுரம் மாதிரி இருக்கும். தானியம் மேலே ஏறி, கீழே இறங்கி, திரும்பத் திரும்பச் சுழலும். சீராகக் காயும், ஆள் கூலி குறைவு. விலை அதிகம், மின்சாரமும் அதிகம், ரிப்பேர் வந்தால் மெக்கானிக் தேவை.

நகரும் வகை: டிராக்டரில் இழுத்துப் போகலாம். டிராக்டரின் பிடிஓ மூலமாகவே ஓடும். பல தோட்டங்களுக்கு வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கு ஏற்றது.

சோலார் கூடார உலர்த்தி: தேங்காய்ப் பருப்பு, மிளகாய், காய்கறிக்கு நல்லது. ஆனால் மழை நாளில் டன் கணக்கில் ஈரச் சோளத்தை இதை மட்டும் நம்பிக் காயவைக்க முடியாது.

எவ்வளவு தண்ணீரை வெளியேற்றுகிறோம்?

22 சதவீத ஈரத்தில் இருக்கும் 1 டன் மக்காச்சோளத்தை 14 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், கையில் நிற்பது சுமார் 907 கிலோ. மீதி 93 கிலோ தண்ணீர் ஆவியாகப் போய்விடும்.

1 கிலோ தண்ணீரை வெளியேற்ற சாதாரண டிரையருக்கு சுமார் 5 மெகாஜூல் வெப்பம் ஆகும் என்று வைத்தால், ஒரு டன்னுக்கு 13 லிட்டர் டீசல் தேவை. விறகு என்றால், அடுப்பில் பாதி வெப்பம் வீணாவதையும் சேர்த்து, 60 கிலோ வரை எரியும்.

துணியில் தண்ணீரைப் பிழிந்துவிட்டுத்தான் டிரையரில் விடுவார்கள். தானியத்தைப் பிழிய முடியாது. அதற்குப் பதில் வெயிலைப் பயன்படுத்தலாம். கதிர் செடியிலேயே நன்றாக முற்றிக் காய்ந்த பிறகு அறுங்க. வெயில் இருந்தால் ஒரு நாளாவது களத்தில் போடுங்க. அப்படிக் குறையும் ஒவ்வொரு சதவீத ஈரமும் எரிபொருளில் மிச்சம்.

டிரையர் லாபமா? இந்தக் கணக்கைப் போடுங்க

உதாரணத்துக்கு, காய்ந்த சோளம் கிலோ 24 ரூபாய் என்று வைப்போம் (2025-26இல் மக்காச்சோளத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய்).

* 1 டன் ஈரச் சோளம் காய்ந்து 907 கிலோ ஆனால் கிடைப்பது: சுமார் 21,770 ரூபாய்
* டீசல் செலவு: சுமார் 1,200 ரூபாய்
* மின்சாரம், ஆள் கூலி: 400 ரூபாய் என்று வைப்போம்
* மீதி: சுமார் 20,170 ரூபாய்

அதாவது ஈரச் சோளத்தையே வியாபாரி கிலோ 20 ரூபாய் 17 காசுக்கு மேல் எடுக்கத் தயார் என்றால், காயவைப்பது உங்களுக்கு நஷ்டம். அப்படியே கொடுத்துவிடுங்க. 18 ரூபாய்தான் தருவேன் என்றால், காயவைத்தால் டன்னுக்கு சுமார் 2,170 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும்.

இப்போ மெஷினுக்கு உங்க கையிலிருந்து 4 லட்சம் போகுது என்று வைங்க. வருஷத்துக்கு 15 டன் மட்டும் காயவைத்தால் போட்ட பணம் திரும்ப 12 வருஷம் ஆகும். அதே மெஷினில் நாலைந்து தோட்டத்துச் சோளம் சேர்ந்து 60 டன் ஓடினால் 3 வருஷத்தில் திரும்பிவிடும்.

டிரையரைத் தேர்ந்தெடுப்பதில் முக்கியமான விஷயம் இதுதான்: மெஷினின் கொள்ளளவைவிட, அது வருஷத்தில் எத்தனை தடவை நிரம்புது என்பதுதான் லாபத்தைத் தீர்மானிக்கும். தனியாக நிரப்ப முடியாதவர்கள் அக்கம்பக்கத்தோடு கூட்டாகவோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகவோ வாங்குவது நல்லது. வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது.

எத்தனை டன் மெஷின் வேணும்?

மொத்த மகசூலைப் பார்க்காதீங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு அறுவடை ஆகுது என்று பாருங்க. 5 ஏக்கரில் 12 முதல் 15 டன் வருது, இரண்டு நாளில் அறுவடை முடியுது என்றால், நாளைக்கு 6, 7 டன். மணிக்கு ஒரு சதவீதம் ஈரம் குறைந்தால் 22-இல் இருந்து 14-க்கு வர 8 மணி நேரம். ஏற்ற இறக்க இன்னும் 2, 3 மணி நேரம். ஆக, ஒரு நாளைக்கு இரண்டு பேட்ச் ஓட்டலாம். 3 அல்லது 4 டன் மெஷினே போதும்.

இன்னொன்று, மக்காச்சோளம் கனமானது, நெல் லேசானது. சோளத்தை வைத்து '4 டன்' என்று சொல்லும் தொட்டியில் நெல் சுமார் 3.2 டன்தான் பிடிக்கும். எந்தத் தானியத்துக்குச் சொன்ன அளவு என்று கேளுங்க.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. புகை தானியத்தில் படுமா? அடுப்புப் புகை நேராகத் தானியத்துக்குள் போனால் வாடை ஒட்டும். வெப்பம் மட்டும் மாறும் அமைப்பு இருக்கா என்று பாருங்க. நம்ம ஊரில் சுலபமாகக் கிடைக்குது என்று பனியன் வேஸ்ட்டை எரிக்கவே கூடாது. பாலியஸ்டர், சாயம் கலந்த துணிப் புகை தானியத்துக்கும் ஆகாது, எரிக்கும் ஆளுக்கும் ஆகாது.

2. வெப்பநிலையைக் கட்டுப்படுத்த முடியுமா? விதைக்கு வைக்கும் தானியம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முளைப்புத்திறன் போகும். நெல் வேகமாகக் காய்ந்தால் அரிசி உடையும். தீவனச் சோளம் இதைவிடச் சூடு தாங்கும், ஆனால் அதற்கும் அளவு உண்டு. தெர்மாமீட்டர் இல்லாத மெஷினை வாங்காதீங்க.

3. மின்சாரம் எப்படி? ப்ளோயர் மணிக்கணக்கில் ஓடணும். தோட்டத்தில் மும்முனை மின்சாரம் எத்தனை மணி நேரம் வருது, டிரையருக்கு எந்த இணைப்பில் எடுக்கலாம் என்று மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கோங்க.

4. ரிப்பேருக்கு யார் வருவாங்க? அறுவடை நேரத்தில் இரண்டு நாள் மெஷின் நின்றால் மொத்த லாபமும் போச்சு. ஏற்கனவே வாங்கிய விவசாயி ஒருவரின் தோட்டத்தில் ஓடுவதை நேரில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்க.

மானியம், கடன் கிடைக்குமா?

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில், தகுதியைப் பொறுத்து 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் உண்டு. இதற்கு உச்சவரம்பும் உண்டு. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதப் பிரிவு. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் உழவன் செயலியிலும் விவரம் கிடைக்கும். எந்த மாடலுக்கு மானியம் உண்டு என்று கேட்டு, ஒப்புதல் வந்த பிறகே வாங்குங்க.

2020இல் தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை, 7 வருஷம் வரை உண்டு. கூட்டாக வாங்குபவர்கள் வங்கியில் இதைப் பற்றிக் கேளுங்க.

முதலில் வாங்க வேண்டியது எது?

டிரையருக்கு முன்னாடி ஒரு மாய்ஸ்சர் மீட்டர் வாங்குங்க. வியாபாரி சொல்லும் ஈரப்பதம் சரியா என்று தெரிஞ்சாலே பேரத்தில் உங்க கை ஓங்கும். மீட்டர் இல்லாதவர்கள், காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் சோளமும் காய்ந்த தூள் உப்பும் போட்டுக் குலுக்குங்க. உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கு என்று அர்த்தம்.

காய்ந்த சோளத்தைச் சூட்டோடு மூட்டை போடாதீங்க. ப்ளோயரில் குளிர்ந்த காற்று மட்டும் விட்டு ஆறவைத்த பிறகே கட்டுங்க. இல்லாவிட்டால் மூட்டைக்குள் வியர்த்து, செலவு செய்து எடுத்த ஈரம் மறுபடியும் உள்ளே வந்துவிடும்.