கப்பலில் இருக்கும்போதே அடுத்த டூருக்கு அட்வான்ஸ்... குரூஸ் நிறுவனங்கள் தரும் சலுகை உண்மையிலேயே லாபமா?

அமெரிக்காவின் மியாமியில் இருந்து கிளம்பிய ஏழு நாள் கரீபியன் குரூஸ். கரை திரும்ப இன்னும் ஒரே நாள்தான் பாக்கி. கப்பலுக்குள் ஒரு சின்ன கவுண்டர் முன்னால் மட்டும் வரிசை நீண்டு நிற்கிறது. சாப்பாட்டுக்கான வரிசை இல்லை அது. இந்தப் பயணமே இன்னும் முடியவில்லை, அதற்குள் அடுத்த பயணத்துக்கு அட்வான்ஸ் கட்ட நிற்பவர்களின் வரிசை.

இப்போதே கட்டினால்தான் சலுகை, கரை இறங்கிவிட்டால் கிடையாது என்பதுதான் அங்கே நடக்கும் பேச்சின் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இதில் உண்மையில் கிடைப்பது என்ன? மாட்டிக்கொள்ளும் இடம் எது? பார்க்கலாம்.

அது என்ன கவுண்டர்?

பெரிய குரூஸ் நிறுவனங்கள் பெரும்பாலானவற்றின் கப்பல்களில் அடுத்த பயணத்துக்கான முன்பதிவு மையம் ஒன்று இருக்கும். ராயல் கரீபியன் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'நெக்ஸ்ட் குரூஸ்'. நார்வீஜியன் நிறுவனத்தில் 'குரூஸ் நெக்ஸ்ட்'. பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா நிறுவனங்களில் 'ஃபியூச்சர் குரூஸ் டெபாசிட்'. பெயர்கள்தான் வேறு வேறு, அடிப்படை ஒன்றுதான்: பயணி கப்பலை விட்டு இறங்குவதற்குள் அடுத்த பயணத்துக்கு ஒரு தொகையை வாங்கிவிட வேண்டும்.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் கப்பல், தேதி, அறை எல்லாவற்றையும் அங்கேயே முடிவு செய்து புக் செய்வது. இரண்டாவது வகையில் எதையும் முடிவு செய்யாமல் அட்வான்ஸ் மட்டும் கட்டி வைப்பது. எந்தக் கப்பல், எந்த மாதம் என்பதை வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்துக்கொள்ளலாம்.

என்ன சலுகை கிடைக்கும்?

பலரும் நினைப்பதுபோல டிக்கெட் விலை அப்படியே பாதியாகக் குறைந்துவிடாது. பெரும்பாலும் கிடைப்பவை இவைதான்:

கப்பல் செலவுப் பணம்: 'ஆன்போர்டு கிரெடிட்' என்பார்கள். அடுத்த பயணத்தில் பானங்கள், வைஃபை, கரைச் சுற்றுலா போன்றவற்றுக்குச் செலவழிக்க ஒரு தொகையைக் கணக்கில் போட்டுவிடுவார்கள். எத்தனை நாள் பயணம், எந்த வகை அறை என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். பொதுவாக இதைப் பணமாகக் கையில் வாங்க முடியாது. பயணம் முடிவதற்குள் செலவழிக்கவில்லை என்றால் அவ்வளவுதான், போனது போனதுதான்.

குறைந்த அட்வான்ஸ்: வெளியில் புக் செய்தால் கட்ட வேண்டியதைவிடக் குறைவான முன்பணம். பிரின்சஸ் நிறுவனத்தில் நீண்ட காலமாக ஆளுக்கு 100 டாலர் கட்டினால் போதும் என்ற முறை இருந்து வருகிறது.

நேரடித் தள்ளுபடி: இது அபூர்வம். டிஸ்னி குரூஸ் இதற்குப் பெயர் பெற்றது. கப்பலில் 250 டாலர் கட்டி 'பிளேஸ்ஹோல்டர்' எடுத்தவர்களுக்கு அடுத்த பயணக் கட்டணத்தில் 10 சதவீதம் குறையும். ஆனால் எல்லாத் தேதிகளுக்கும் இது செல்லாது. சில சீசன் நாட்களுக்கு விலக்கு உண்டு.

நிறுவனத்துக்கு என்ன லாபம்?

ஒரு புதுப் பயணியைப் பிடிக்க விளம்பரம், டிராவல் ஏஜென்ட் கமிஷன் என்று எவ்வளவோ செலவு. கப்பலில் இருப்பவரோ ஏற்கெனவே பிடிபட்டவர். கடல் காற்று, நல்ல சாப்பாடு, ஆபீஸ் போன் தொல்லை கிடையாது. மனசு குளிர்ந்து இருக்கும் அந்த நேரத்தில் இன்னொரு தடவை வருவீங்களா என்று கேட்டால், முடியாது என்று சொல்லவே தோன்றாது. வீட்டுக்குப் போய் கிரெடிட் கார்டு பில்லைப் பார்த்த பிறகு இதே கேள்வியைக் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும். நிறுவனங்களுக்கும் அது தெரியும்.

தவிர, ஓராண்டு, ஈராண்டு கழித்துக் கொடுக்கப்போகும் சேவைக்கு இன்றே பணம் கைக்கு வந்துவிடுகிறது. வட்டியில்லாக் கடன் மாதிரிதான்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

கட்டும் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

டிஸ்னியின் பிளேஸ்ஹோல்டரைப் பயன்படுத்தாவிட்டால் காலக்கெடுவுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் நார்வீஜியனின் குரூஸ் நெக்ஸ்ட் சான்றிதழ் பணமாகத் திரும்பாது. காலாவதித் தேதியும் உண்டு. ராயல் கரீபியனில் திரும்பத் தரும் அட்வான்ஸ், திரும்பத் தராத அட்வான்ஸ் என்று இரண்டு விலையிலும் டிக்கெட் விற்கப்படுகிறது. இரண்டாவது வகை விலை குறைவு. அதனால் கண் அங்கேதான் போகும். ஆனால் அதை எடுத்துவிட்டுப் பயணத்தை மாற்றினால் ஆளுக்கு 100 டாலர் மாற்றுக் கட்டணம் போய்விடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, இரண்டு பேர் தங்கும் அறைக்கு 3,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கப்பலிலேயே புக் செய்ததால் 100 டாலர் செலவுப் பணம் கிடைக்கிறது. நான்கு மாதம் கழித்து அதே அறையின் விலை 2,600 ஆகிறது.

அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும் வகை என்றால், முழுப்பணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன்பு புதிய விலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். முடியாது என்றால் ரத்து செய்துவிட்டு மறுபடி புக் செய்யலாம். 400 டாலர் மிச்சம். ரத்து செய்தால் அந்த 100 டாலர் சலுகை போகலாம், போனாலும் லாபம் லாபம்தான். திரும்பக் கிடைக்காத வகையில் மாட்டிக்கொண்டால்? ரத்து செய்தால் அட்வான்ஸே கையை விட்டுப் போய்விடும். 100 டாலர் சலுகைக்காக 400 டாலரை விட்டுக்கொடுத்த கதையாகிவிடும்.

விலை ஏறவும் செய்யலாம். அப்போது முதலிலேயே புக் செய்தவருக்குத்தான் லாபம். விமான டிக்கெட் போலவே குரூஸ் டிக்கெட் விலையும் தேவைக்கு ஏற்ப ஏறி இறங்கும். அதனால்தான் வெளியேற ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பது முக்கியம்.

நிறுவனமே மூழ்கினால்?

இதுவும் நடந்திருக்கிறது. சொகுசுக் கப்பல்களுக்குப் பேர் போன கிரிஸ்டல் குரூஸ் 2022 ஜனவரியில் சேவையை நிறுத்தியது. எரிபொருள் பாக்கிக்காக அதன் 'கிரிஸ்டல் சிம்பொனி' கப்பலைப் பறிமுதல் செய்ய அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. மியாமி திரும்ப வேண்டிய கப்பல் பஹாமாஸின் பிமினி தீவுக்குத் திருப்பிவிடப்பட்டது. பயணிகள் அங்கிருந்து வேறு படகில் ஃபுளோரிடா போய்ச் சேர்ந்தார்கள். அடுத்தடுத்த பயணங்களுக்குப் பணம் கட்டியிருந்தவர்கள், நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களோடு சேர்ந்து மனு போட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதன் தாய் நிறுவனமான ஜென்டிங் ஹாங்காங்கின் சரிவு, தமிழர்கள் அதிகம் வாழும் சிங்கப்பூரையும் தொட்டது. அங்கிருந்து ஓடிக்கொண்டிருந்த ட்ரீம் குரூஸ் நிறுவனத்தின் 'வேர்ல்டு ட்ரீம்' கப்பல் 2022 மார்ச்சில் நின்றது. கிரிஸ்டலின் கப்பல்கள் பிறகு கை மாறி, 2023ல் அதே பெயரில் மறுபடி ஓட ஆரம்பித்தது வேறு கதை.

பெயர்க் குழப்பம் வேண்டாம்

கொரோனா காலத்தில் ரத்தான பயணங்களுக்குப் பதிலாக நிறுவனங்கள் 'ஃபியூச்சர் குரூஸ் கிரெடிட்' கொடுத்தன. சில நிறுவனங்கள் கட்டியதில் 125 சதவீதம் வரைகூட வரவு வைத்தன. அது ரத்துக்கான ஈடு. கப்பலில் நாமே கட்டி வாங்குவது 'ஃபியூச்சர் குரூஸ் டெபாசிட்'. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் விதிகள் ஒன்றல்ல.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

* அட்வான்ஸ் முழுதாகத் திரும்பக் கிடைக்குமா? எந்தத் தேதி வரை?
* எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும்?
* விலை குறைந்தால் மாற்றித் தருவார்களா? மாற்றினால் சலுகை நிற்குமா?
* வெளியில் ஓடும் மற்ற ஆஃபர்களோடு இதைச் சேர்த்துக்கொள்ளலாமா?
* டிராவல் ஏஜென்ட் மூலம் வந்திருந்தால், இந்த புக்கிங்கும் அவர் பெயருக்குப் போகுமா? (சில ஏஜென்ட்கள் தங்கள் பங்குக்குத் தனியாகவும் சலுகை தருவார்கள்.)
* முழுப்பணம் கட்டக் கடைசித் தேதி எது? பொதுவாகப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்னதாகவே இது வந்துவிடும்.

பதில்களை வாய்வார்த்தையாக வாங்காமல் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இந்திய கார்டில் டாலர் கட்டுபவர்கள் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தையும், பணம் திரும்பும்போது மாறியிருக்கக்கூடிய டாலர் மதிப்பையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அப்போ, கட்டலாமா வேண்டாமா?

மறுபடியும் குரூஸ் போவது உறுதி, அட்வான்ஸும் திரும்பக் கிடைக்கும் என்றால் தாராளமாகக் கட்டலாம். வீட்டுக்கு வந்து மற்ற விலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரிப்படவில்லை என்றால் காலக்கெடுவுக்குள் ரத்து செய்துவிடலாம். பணம் திரும்பாது என்று சொன்னால், எவ்வளவு பெரிய ஆஃபராக இருந்தாலும் அந்த வரிசையில் இருந்து விலகி, மிச்சமிருக்கும் ஒரு நாளைக் கடலைப் பார்த்துக் கழிப்பதுதான் லாபம்.