ஆரணித் தறிவீடுகளும் கொழும்பு வானொலியும்

தமிழ்நாட்டு ஒலிபரப்பு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிலையங்கள் திறந்த நாள்களை வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகிறார்கள். 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் தோன்றிய சென்னை மாகாண ரேடியோ கிளப் பணமுடையால் 1927இல் நின்றது. 1930 ஏப்ரல் முதல் சென்னை மாநகராட்சி அப்பணியைத் தொடர்ந்தது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. இந்த வரிசையில் பிழையில்லை, கேட்டவர்கள்தான் இல்லை. அவர்களைத் தேடுவதற்கு ஆரணி போன்ற நெசவூர் மிகப் பொருத்தமான இடம்.

காரணம், தொழிலின் தன்மை. பட்டுத் தறியில் உட்காருபவரின் கால்கள் குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. கை நாடாவை ஓட்டுகிறது. கண் பாவு நூலை விட்டு விலகக் கூடாது. ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் சேலையில் அது காலத்துக்கும் தெரியும். உடம்பில் வேலையில்லாமல் இருப்பது காது மட்டுமே. பகல் முழுதும் வீட்டுக்குள்ளேயே நடக்கும் இத்தொழிலுக்கு வானொலியைப் போல இசைவான துணை வேறில்லை.

ஆனால் எந்த வானொலி? மாநகராட்சி ஒலிபரப்பு சென்னைக்காரர்களுக்கானது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்துக் கேட்கச் செய்தார்கள். ஆரணி போன்ற தொலைவிலுள்ள அன்றைய வட ஆர்க்காட்டு ஊர்களுக்குச் சிற்றலை ஒலிபரப்பே கைகொடுக்கக்கூடியது. வால்வு வானொலிப்பெட்டியோ விலை மிகுந்திருந்தது, மின்சாரமும் வேண்டியிருந்தது, ஆண்டுதோறும் உரிமக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. கூலி நெசவாளிக்கு எட்டும் பொருளாக வானொலியை மாற்றியது டிரான்சிஸ்டர்தான்.

அதற்குள் தில்லி எடுத்த முடிவொன்று கேட்பவர்களைக் கடலுக்கு அப்பால் திருப்பியிருந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர் சாஸ்திரிய இசையை வளர்க்க விரும்பினார். திரைப்பாடல்கள் அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய மறைந்தன. அவருடைய இசைப் பற்று உண்மையானது. ஆனால் உழைப்பவர் விரும்பிக் கேட்டதைத் தரக்குறைவென்று ஒதுக்கியது பெரும் பிழை. அந்த வெற்றிடத்தை இலங்கை வானொலி நிரப்பியது. 1950இல் தொடங்கிய அதன் வர்த்தக சேவைக்கு, இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்காசியப் படைகளுக்காக அமைக்கப்பட்ட வானொலியின் ஆற்றல் மிக்க சிற்றலைக் கருவி வாய்த்திருந்தது. அதன் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் தமிழகமெங்கும் பழகியது, பின்னாளில் பி. எச். அப்துல் ஹமீதும் கே. எஸ். ராஜாவும் அவ்வாறே வீட்டு மனிதர்களானார்கள். காலை நேரத்துப் ‘பொங்கும் பூம்புனல்’ இங்கும் விடிகாலையின் ஓசையானது.

இதே நிகழ்வு ஐரோப்பாவில் முன்பே நடந்திருக்கிறது. பிபிசி விளம்பரத்தை ஏற்காமலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கனமான நிகழ்ச்சிகளையே தந்தும் வந்த காலத்தில், லக்சம்பர்க் என்ற சின்னஞ்சிறு நாட்டின் வானொலி 1933 முதல் ஆங்கிலத்தில் விளம்பரத்தோடு மெல்லிசை ஒலிபரப்பிப் பிரித்தானியரைத் தன் பக்கம் இழுத்தது. பெரிய நாட்டின் அரசு வானொலி கண்டிப்புக் காட்டும்போது அருகிலுள்ள சிறிய நாட்டுக்கு வாய்ப்புத் திறக்கிறது. அலைக்கு எல்லைச்சாவடி இல்லை.

தில்லி விழித்துக்கொண்டு 1957 அக்டோபர் 3இல் விவித பாரதி என்ற பொழுதுபோக்கு ஒலிபரப்பைத் தொடங்கியது. 1967இல் பம்பாயில் விளம்பரத்தையும் அனுமதித்தது. ஆயினும் கொழும்பின் பிடி உடனே தளரவில்லை. நேயர்களோடு உறவாடும் அறிவிப்பு முறை அங்கேதான் முதிர்ந்திருந்தது.

தொலைக்காட்சியின் வரவு வேறு வகையானது. 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் அலைகள், சிற்றலையைப் போல வானில் பட்டுத் திரும்பித் தொலைவு கடப்பவை அல்ல. அதனால் முதற்பயன் தலைநகரத்தைச் சுற்றியிருந்தோருக்கே. 1980களில் சிறு ஒளிபரப்பிகள் பெருகியும், 1993இல் சன் டிவி வந்து கேபிள் பரவியும்தான் சிற்றூர்களின் மாலைப்பொழுது மாறியது. மாலைப்பொழுதுதான் மாறியது; தறிநேரம் அல்ல. கண்ணைக் கேட்கும் கருவிக்குப் பாவின்மேல் கண்ணை வைத்திருப்பவர் அடிமையாக முடியாது.

இந்த வரலாற்றுக்கான சான்று தில்லி ஆவணக் காப்பகத்தில் முழுமையாகக் கிடைக்காது. எந்த நிலையம் எத்தனை மணிக்கு எடுத்தது, ஒரு பெட்டியை எத்தனை தறிகள் பகிர்ந்துகொண்டன என்பதெல்லாம் எழுபதைக் கடந்த நெசவாளர்களின் நினைவில் இருக்கிறது. ஊடகவியல் மாணவர்கள் ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஒலிப்பதிவுக் கருவியோடு போக வேண்டும். அதைத் தள்ளிப்போடக் காலமில்லை.