ஜம்ப் ஸ்டார்ட்

ஜம்ப் ஸ்டார்ட் என்பது, பாட்டரியில் மின்சாரம் தீர்ந்தமையால் கிளம்ப மாட்டாது நிற்கும் மோட்டார் வண்டியை, பிறிதொரு வண்டியின் பாட்டரியோடு ஜம்பர் கேபிள் என்னும் தடித்த செம்புக் கம்பிவடங்களால் இணைத்து, அதன் சக்தியைக் கொண்டு இயக்கும் முறையாகும். 1859-ல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே கண்ட ஈய-அமில பாட்டரியும், 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் கார்களில் இடம்பெற்ற, சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டரும் இம்முறைக்கு ஆதாரங்கள்.

இரு பாட்டரிகளும் ஒரே வோல்ட்டேஜ் உடையனவாக இருத்தல் வேண்டும்; இக்காலத்துச் சாதாரணக் கார்களில் அது 12 வோல்ட். சிவப்பு வடத்தைத் தீர்ந்த பாட்டரியின் நேர்முனையிலும், பின் நல்ல பாட்டரியின் நேர்முனையிலும் கவ்வச் செய்து, கறுப்பு வடத்தை நல்ல பாட்டரியின் எதிர்முனையில் மாட்டி, அதன் மறு கவ்வியை, தீர்ந்த பாட்டரியில் அன்றி, கிளம்பாத வண்டி எஞ்சினின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியில் பொருத்துவர். இக்கடைசி இணைப்பே அனைத்திலும் பிரதானமானது; ஏனெனில் சுற்று பூர்த்தியாகும் அக்கணத்தில் தெறிக்கும் பொறி, பாட்டரியினின்று கசியும் ஹைட்ரஜன் வாயுவைப் பற்றுமாயின், பாட்டரி வெடித்து, உள்ளிருக்கும் கந்தக அமிலம் முகத்திலும் கண்ணிலும் சிதறக்கூடும். முனைகளை மாற்றி இணைப்பின் ஆல்ட்டர்நேட்டரின் டயோடுகள் கருகும். நேர்முனையே சட்டத்தோடு இணைக்கப்பட்ட பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றிற்கு இவ்வரிசை பொருந்தாது.

நல்ல வண்டியின் எஞ்சினைச் சில நிமிஷம் ஓடவிட்ட பின்னரே கிளம்பாத வண்டியின் ஸ்டார்ட்டரை முடுக்குதல் நலம். வண்டி கிளம்பியதும் வடங்களை நேர்மாறான வரிசையில் கழற்றுவர். உறைந்த பாட்டரிகளுக்கும் ஓடு விரிசலுற்ற பாட்டரிகளுக்கும் இம்முறை ஆகாது.