மகனோடு பார்த்த காட்ஜில்லா

1998-ஐ நம் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மே 11, 13 ஆகிய இரு நாட்களில் பொக்ரானில் ஐந்து அணுகுண்டுச் சோதனைகள். எங்கள் அலுவலகத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு லட்டு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தோம். கடைக்குப் போய் வாங்கி வந்தவனே நான்தான்.

அதே மே 20-ஆம் தேதி அமெரிக்காவில் 'காட்ஜில்லா' வெளியானது. எங்கள் ஊருக்கு வந்ததும், பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் மகன் நச்சரித்து என்னை இழுத்துக்கொண்டு போனான். படத்தின் தொடக்கத்தில் அணுகுண்டு வெடித்துக் காளான்போல் புகை எழும். அரங்கில் ஒரே விசில். பொக்ரான் வருடம் அல்லவா? நானும் கைதட்டினேன்.

படம் முழுக்க மழையும் இருட்டும். அது நடந்தால் நாற்காலி அதிரும். கடைசியில் புரூக்ளின் பாலத்துக் கம்பிகளில் சிக்கிக்கொள்ள, விமானங்கள் ஏவுகணை வீசிக் கொல்கின்றன. அதன் இதயத்துடிப்பு மெல்ல மெல்ல அடங்கியபோது மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாவம்ப்பா அது" என்றான். "போடா, பெரிய பல்லி. ஜுராசிக் பார்க்கையே திரும்ப எடுத்திருக்கான்" என்றேன். வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் இந்தச் சண்டை இல்லை. உலகம் முழுக்க ரசிகர்கள் இரண்டுபட்டார்கள். ஜப்பானியக் காட்ஜில்லா வாயால் அணுக்கதிர் கக்கும், குண்டுக்கு அஞ்சாது. இது ஓடி ஒளிகிறதே என்று பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். மூலப்படத்தை எடுத்த தோஹோ நிறுவனமே பின்னர் இதற்கு 'ஜில்லா' என்று வேறு பெயர் சூட்டியது. 2004-இல் எடுத்த படத்தில் அசல் காட்ஜில்லா இதைச் சில நொடிகளில் அடித்துப் போட்டுவிடும்!

ஓய்வுபெற்ற பிறகுதான் 1954-இல் இஷிரோ ஹோண்டா இயக்கிய அந்த மூலப்படத்தைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் ஓர் உண்மைக் கதை இருக்கிறது. 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்தது. ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. 23 பேருக்கும் கதிர்வீச்சு நோய். செப்டம்பரில் ஒருவர் இறந்தார். நவம்பர் 3 அன்று படம் திரைக்கு வந்தது. முதல் காட்சியே, கடலில் ஓர் ஒளி பாய்ந்து படகு எரிவதுதான்.

ரயிலில் ஒரு பெண், நாகசாகியில் தப்பிப் பிழைத்தேனே, இப்போது இதுவா என்று அலுத்துக்கொள்கிறாள். ஒரு குழந்தையின் அருகே கதிர்வீச்சு அளக்கும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு மருத்துவர் தலையசைக்கிறார். அங்கும் கருத்து ஒன்றாக இல்லை. நாட்டின் துயரத்தைக் காசாக்குகிறார்கள் என்று சில விமர்சகர்கள் சாடினார்கள். மக்களோ லட்சக்கணக்கில் போய்ப் பார்த்தார்கள்.

1956-இல் இதை அமெரிக்காவில் வெளியிட்டபோது நாகசாகிப் பேச்சை வெட்டிவிட்டார்கள். 1998 படத்தில் பழி பிரான்ஸ் நாட்டின் சோதனைமேல் விழுந்தது. அமெரிக்கக் குண்டைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? அந்தப் புகையைப் பார்த்துக் கைதட்டியவன்தானே நான்.

நாட்டுக்கு அந்தக் குண்டு தேவையா என்று நான் இங்கே வாதிட வரவில்லை. ஆனால் லட்டு வாங்கியபோது, அந்தச் சாம்பல் யார் தலையில் விழும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இதைத் தொலைபேசியில் மகனிடம் சொன்னேன்.

"அன்னைக்கே சொன்னேனேப்பா, பாவம்னு" என்றான்.

அடுத்த விடுமுறைக்குப் பேரன் வருகிறான். அவனுக்கும் இந்த மிருகம் என்றால் உயிர். முதலில் கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான் போட்டுக் காட்டப்போகிறேன்.