சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், எம். எஸ்.

சென்னையில், சைதாப்பேட்டைக்குத் தென்கிழக்கே தரமணியில் இயங்கும் இலாப நோக்கற்ற அறக்கட்டளை. வேளாண்மை, கடலோரச் சூழல், ஊட்டச்சத்து, ஊரக வாழ்வாதாரம் ஆகியவற்றில் ஆய்வையும் களப்பணியையும் சேர்த்தே நடத்துவது. வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதன் (1925–2023), 1987இல் தாம் பெற்ற முதல் உலக உணவுப் பரிசின் தொகையைக் கொண்டு 1988இல் நிறுவினார்.

பிச்சாவரத்தில் மரம் வெட்டப்பட்ட சதுப்பு நிலம் தாழ்ந்து, தேங்கிய நீரில் உப்பேறி, அலையாத்திக் காடு தானாக மீளாமல் போயிற்று. மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீர் வந்துபோக வழிசெய்து கன்றுகள் நடும் முறையை நிறுவனம் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து நடைமுறைப்படுத்தியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இக்காடுகளின் காப்புப் பயன் பரவலாகக் கவனிக்கப்பட்டது.

1998இல் புதுச்சேரிப் பகுதியில் தொடங்கிய ஊரக அறிவு மையங்கள் இதன் பெயர்பெற்ற முயற்சி. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பு எடுக்கப்பட்டு, தமிழில் ஒலிபெருக்கி வழியே மீனவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. கைப்பேசி பரவாத அந்நாளில் ஒலிபெருக்கியே உகந்த கருவி. மையம் எல்லாச் சாதியினரும் நுழையக்கூடிய பொது இடத்தில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. தொழில்நுட்பத்தைவிட இதுவே முக்கியமான புதுமை எனலாம்.

கொல்லிமலையில் சாமை, தினை முதலிய சிறுதானியங்களின் மீட்பு, கேரளத்தின் வயநாட்டிலும் ஒடிசாவின் ஜெய்ப்பூரிலும் பழங்குடியினரின் நெல் வகைப் பாதுகாப்பு ஆகியன பிற பணிகள்.