வேலையே மருந்தான வரலாறு

மனநோயாளருக்கு வேலை கொடுத்தல் நன்று என்பது பழைய எண்ணமே. இங்கிலாந்தின் யோர்க் நகரில் 1796இல் வில்லியம் ரியூக் திறந்த இல்லத்தில், சங்கிலிக்குப் பதிலாகத் தோட்டமும் தையலும் இருந்தன. ஆயினும் பிற்காலத்துப் பெரும் மனநோய் நிலையங்கள் பலவற்றில் அவ்வேலை கூலியில்லா உழைப்பாகவே சீரழிந்தது. வேலை வாங்குதல் வேறு. வேலையாற் குணப்படுத்துதல் வேறு.

இவ்வேறுபாட்டைத் தம் உடலிலேயே உணர்ந்தவர் ஜோர்ஜ் எட்வேட் பார்ட்டன் என்னும் அமெரிக்கர். அவர் வைத்தியரல்லர், கட்டிடக் கலைஞர். காசநோயால் நலிந்து, பின்னர் இடப்பக்கமும் செயலிழந்த அவர், நியூ யோர்க் மாநிலத்துக் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் வீடொன்றை வாங்கி, அதற்கு 'ஆறுதல் இல்லம்' எனப் பெயரிட்டார். அங்கே மண்ணைக் கொத்தியும் மரத்தை இழைத்தும் தம் கையைத் தாமே மீட்டுக்கொண்டார்.

1917 மார்ச்சில் அவ்வில்லத்தில் அறுவர் கூடித் தொழில்வழிச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் நிறுவினர். அவருள் வில்லியம் ரஷ் டண்டன் ஒருவரே வைத்தியர். சமூகப் பணியாளர் எலினர் கிளார்க் சிலேகிளும், கைப்பணி ஆசிரியை சூசன் கொக்ஸ் ஜோன்சனும் உடனிருந்தனர். பார்ட்டனின் செயலாளரான இசபெல் நியூற்றனும் நிறுவுநராகவே எண்ணப்பட்டார். இன்றைய சபைகளிலும் இஃது எளிதில் நிகழ்வதன்று.

அடுத்த மாதமே அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கிற்று. 1918 முதல் 'புனரமைப்பு உதவியாளர்' என்னும் பெயரில் பெண்கள் படை வைத்தியசாலைகளிற் பணியாற்றினர். சிலர் பிரான்சு வரை சென்றனர். இராணுவப் பதவி அவர்களுக்கு வழங்கப்படவில்லை. ஆயினும் போரதிர்ச்சியால் நடுங்கிய கைகளுக்கு மரவேலையும் நெசவும் பழக்கியவர்கள் அவர்களே. எந்த வேலை என்பதில்தான் கலையிருக்கிறது. தோள் இறுகியவனுக்குத் தறி உதவும். விரல் மடங்காதவனுக்கு அதனினும் நுண்ணிய வேலை வேண்டும். கைத்திறனை விற்பதற்காகவன்று, தன் சட்டையைத் தானே பூட்டுவதற்காகவே அவன் பழகுகிறான்.

சிகிச்சையாளர் தொகை போதாமையால், மனநோய் வைத்தியசாலைகளில் இப்பணியின் பெரும்பகுதி பெயரற்ற உதவியாளர் தோளிலேயே நெடுங்காலம் தங்கியிருந்தது. அவர்களது பயிற்சி நெறிகளை அங்கீகரிக்கும் பொறுப்பை அமெரிக்கச் சங்கம் 1958இலேயே ஏற்றது. சங்கம் பிறந்து நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன! நோயாளியை ஆராய்ந்து திட்டம் வகுப்பவர் சிகிச்சையாளர். அதை அவனோடிருந்து நாடோறும் நடத்துபவர் உதவியாளர். நேற்று நழுவிய பொத்தான் இன்று துளையிற் புகுந்ததை முதலிற் காண்பவரும் அவரே. அவர் குறித்து வைக்கும் அச்செய்தியைக் கொண்டே அடுத்த வாரத் திட்டம் மாறுகிறது.